கும்பிடும் முகத்தின் நிறம்

அமெரிக்க ஓவியர் வார்னர் சால்மன் 1940இல் வரைந்த இயேசுவின் முகம் கோடிக்கணக்கில் அச்சாகி, இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களின் சட்டைப்பை வரை போனது. வெளிர்நிறம், தோளில் புரளும் பழுப்புக் கூந்தல், சற்றே மேல்நோக்கிய பார்வை. மேற்காசிய யூதரை இப்படி ஆக்கிவிட்டார்களே என்று சிரிக்கலாம். ஆனால் அந்தப் படத்தின் முன் மண்டியிட்டு அழுதவர்களின் பக்தியைப் பொய்யென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிக்கலே அங்கேதான். தினமும் கும்பிடும் முகத்தின் நிறம், புனிதத்தின் நிறமாகவே மனத்தில் படிந்துவிடுகிறது. கறுப்பின மக்களின் தேவாலயங்கள் பலவற்றிலும் வெள்ளை இயேசுதான் இருந்தார். அலபாமாவின் பர்மிங்காமில் 1963 செப்டம்பர் 15 அன்று நிறவெறியர்கள் வைத்த குண்டு, 16ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் நான்கு சிறுமிகளைக் கொன்றது. மிஞ்சிய கண்ணாடிச் சன்னலில் இயேசுவின் முகம் இருந்த இடம் வெறும் ஓட்டை. சேதி கேட்ட வேல்ஸ் மக்கள், ஆளுக்கு அரை கிரவுன் நாணயத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி, புதுச் சன்னலுக்குக் காசு திரட்டினார்கள். கண்ணாடிக் கலைஞர் ஜான் பெட்ஸ் செய்த அந்தச் சன்னலில், கைகளை விரித்து நிற்பவர் கறுப்பு இயேசு. வரலாற்றுப்படி இந்த நிறமும் துல்லியமில்லைதான். இருக்கட்டும், வெள்ளைக்கு இத்தனை காலம் கொடுத்த சலுகையைக் கறுப்புக்கும் கொடுப்பதுதான் நியாயம்.