மகெலெலே: பெயரே பதவியான கதை

எதிரணியின் தாக்குதல் முளைக்கும் இடத்திலேயே பந்தைப் பறித்து, அருகிலிருப்பவரிடம் சேர்ப்பதே கிளாட் மகெலெலேயின் பணி. கோல் கணக்கில் அதற்கு இடமில்லை. 2003இல் டேவிட் பெக்காமை வாங்கிய ரியல் மாட்ரிட், ஊதிய உயர்வு கேட்ட மகெலெலேயைச் செல்சிக்கு விற்றது. அடுத்த மூன்று பருவங்களிலும் மாட்ரிட்டுக்கு லா லிகா பட்டம் கிட்டவில்லை. செல்சியோ 2004-05இல் 38 ஆட்டங்களில் 15 கோல்களை மட்டுமே விட்டுக்கொடுத்துப் பிரீமியர் லீக்கை வென்றது. இவ்விற்பனை ஒன்றே காரணம் என்பது மிகை. பயிற்சியாளர் தெல் போஸ்கேயும் தடுப்பாட்டக்காரர் ஹியெரோவும் அதே கோடையில்தான் வெளியேறினர். ஆயினும், எண்ணத் தெரிந்ததை மட்டுமே நிர்வாகம் மதித்தது என்பதை மறுக்க இயலாது. (மேற்கோள் எண்ணிக்கையால் ஆய்வாளரை அளக்கும் பல்கலைக்கழகங்களுக்கு இது புதிதன்று.) பின்னர் ஆங்கிலக் கால்பந்து வழக்கில் அந்த ஆட்ட இடமே ‘மகெலெலே’ எனப்பட்டது, இயற்பெயர் ஆகுபெயராயிற்று. பெக்காமின் பெயரில் அப்படியோர் இடம் இல்லை.