கள்ளுக்குத் தடை, சீமைச் சாராயத்திற்குக் கடை!

பொழுது சாயும் வேளையில் சங்கரன்கோயிலின் எல்லை கடந்து சிற்றூர் வழியே நடப்பவன் காண்பன பல. கரிசல் மண், அதில் பருத்தியும் மிளகாயும், வைகறைப் பறிப்பிற்கு அரும்பு கட்டி நிற்கும் மல்லிகை, மேற்கே கருநீல மலைத்தொடர், வரப்போரம் வரிசையிட்ட பனைகள். தறி நிறுத்திய நெசவாளனும் ஏர் விட்ட உழவனும் அயர்வு தீர நடக்கும் வழி அது. அந்நடை முன்பு பனையடியில் முடிந்தது. இன்று எங்கே முடிகிறது? அரசின் குடிக்கடையில்!

கள்ளுக்கடைகள் 1971இல் திறக்கப்பெற்றன, பின்னர் மூடப்பெற்றன, 1981இல் மீண்டும் திறக்கப்பெற்றன. 1987 தொடக்கத்தில் கள்ளும் சாராயமும் ஒருங்கே தடுக்கப்பெற்றன. குடியை ஒழிக்கவோ? அன்று! 1983இல் தோன்றிய தமிழ்நாடு மாநில வாணிகக் கழகம் சீமைச் சாராயத்தை மொத்தமாக விற்றது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது.

பாளை சீவிக் கலயம் கட்டுகிறான் பனையேறி. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், காய்ச்சினால் கருப்பட்டி. தடவாவிடின் அதே நீர் தானே புளித்துக் கள்ளாகிறது. மரம் ஒன்று, பாளை ஒன்று, உழைக்கும் கையும் ஒன்று. ஒரு விரற் சுண்ணாம்பு இல்லாமையால் அவன் குற்றவாளி! நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு வெறியமுள்ள கள் குற்றம், 42.8 பங்குள்ள சீமைச் சாராயம் அரசின் வருவாய்! புளியரை கடந்து கேரளத்துள் புகுந்தால் அதே கள் ஒப்புதல் பெற்ற கடையில் விற்கிறது. கோட்டிற்கு இப்பால் குற்றமானது அப்பால் தொழிலாவது எவ்வாறு?

கள்ளுண்ணாமைக்கென வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தாரன்றோ என வினவுவார் உண்டு. செம்மையான வினா. பழந்தமிழர் கள்ளும் நறவும் தேறலும் மாந்தியதைக் கழக நூல்கள் காட்டினும், குறள் கூறும் கடிதலே தமிழர்க்கு உயர்நெறி. ஆயின், அந்நெறியைப் பனையேறிக்கு மட்டும் ஓதும் தகுதி, தெருத்தோறும் கடை விரித்தவனுக்கு உண்டா? நெடுஞ்சாலைகளின் 500 மீட்டருக்குள் குடிக்கடைகள் கூடா என 2016இல் உச்ச நயமன்றம் தீர்ப்பளித்தது. மூட வேண்டியவற்றை ஊருக்குள்ளும் வயல்வெளிக்கும் நகர்த்த முனைந்தனர். 2017இல் தாய்மார் கடைமுன் அமர்ந்து போராட வேண்டியதாயிற்று.

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் வேண்டும் என 2021இல் அரசு அறிவித்தது. நன்று. மரத்திற்குக் காவல், கள்ளிறக்கும் அதன் மகனுக்கு வழக்கா? ஏறுவார் அற்றுப்போனால் பாளை, கலயம், பதநீர் என்னும் சொற்களும் ஏட்டோடு நின்றுவிடும். குடி தீதெனின் எல்லாக் கடைகளையும் மூடுக! மூட மனமில்லையெனின் பனையேறியின் மீதுள்ள தடையை நீக்குக! இரண்டில் ஒன்றையும் செய்யாமல் அறம் பேசுவது, தமிழ் உழவனின் மாலை நடையை இருட்டில் முடிப்பதேயாகும்.