துல்லியம் என்னும் உரிமைகோரல்
(போர்விமானக் கணனி விளையாட்டுகளின் பறப்பு மாதிரியுரு பற்றி)

இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களை வீட்டுக் கணனியிற் செலுத்திப் பார்க்க உதவும் நிரல்களுள், 1998 இல் வெளிவந்த மைக்குரோசொப்ற் நிறுவனத்தின் 'கொம்பாற் ஃபிளைற் சிமியுலேற்றர்', 2001 இல் ருஷியாவிலிருந்து வந்த 'இல்-2 ஷ்டுர்மொவிக்' ஆகியன பரவலாக அறியப்பட்டவை. இவற்றின் வழிவந்தவை தம்மைத் துல்லியமானவை எனப் பறைசாற்றத் தவறுவதில்லை. எதனோடு ஒப்பிட்டு அளக்கப்பட்ட துல்லியம்? வழு எவ்வளவு? இவ்வினாக்களை எழுப்புவோர் அரியர். வழுவெல்லை கூறாத துல்லியம் விஞ்ஞானியின் சொல்லன்று. விளம்பரக்காரனின் சொல்லே என்பது எமது துணிபு.

நிரலாக்குவோரின் உழைப்பை நாம் மறுக்கவில்லை. 1940 இல் ஸ்பிற்ஃபயர் விமானி மூக்கைச் சடுதியாகக் கீழே தள்ளினால், காபரேற்றரில் எரிபொருள் மேலெழும்ப, எஞ்சின் தடுமாறும். எரிபொருளை நேரே உட்செலுத்தும் மெஸ்ஸெர்ஷ்மிற் 109 ஈ விமானத்துக்கு இக்குறை இருக்கவில்லை. 1941 இல் பியற்றிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியியலாளர் துளையிட்ட சிறு உலோகத் தகடொன்றினால் இதனைப் பெருமளவு தணித்தார். இத்தகைய இயல்புகளைத் திரையிற் காட்டுவது பாராட்டுக்குரியது. ஆனால், ஓர் இயல்பு உண்டெனக் காட்டுவது வேறு. அதன் அளவைச் சரியாகக் கூறுவது வேறு. முன்னதைக் கண்டு பின்னதையும் நம்பிவிடுவதே மயக்கத்தின் தோற்றுவாய்.

"உச்ச வேகமும் மேலேறும் வீதமும் பழைய சோதனை அறிக்கைகளோடு ஒத்துள்ளன; வேறு சான்று எதற்கு?" என்பர் சிலர். உச்ச வேகம் என்பது உந்துவிசையும் காற்றின் இழுவையும் சமப்படும் புள்ளி. இவ்விரண்டையும் ஒரே விகிதத்தில் மிகையாகக் கொண்ட பிழையான மாதிரியுருவும் அதே வேகத்தையே தரும். எஞ்சினைத் தணித்தவுடன் அப்பிழை வெளிப்படும். விமானம் உண்மையிலும் விரைவாக வேகமிழக்கும். மேலும், வான்போர் சமநிலையில் நிகழ்வதன்று. இறக்கை உயர்த்துவிசையை இழக்கும் எல்லையில் திரும்பும்போதும் செங்குத்தாகப் பாயும்போதுமே வெற்றி தோல்வி தீர்மானமாகின்றது. அட்டவணை எண்கள் இவ்விடங்களைப் பற்றி மிகச் சிறிதே கூறுகின்றன.

அவ்வட்டவணை எந்த விமானத்துக்குரியது என்பதும் நோக்கற்பாலது. மேர்லின் III எஞ்சினுக்கு 87 ஒக்ரேன் பெற்றோலில் சதுர அங்குலத்துக்கு 6¼ இறாத்தல் மிகையமுக்கமே அனுமதிக்கப்பட்டது. 100 ஒக்ரேன் பெற்றோல் வந்தபின் 1940 இல் அது 12 இறாத்தலாக உயர்ந்தது. ஒரே பெயருடைய விமானம் தாழ்ந்த உயரங்களிற் பெரிதும் வேறுபட்ட வலுவைப் பெற்றது. ஜப்பானிய ஸீரோ விமானமொன்று 1942 ஜூனில் அலாஸ்காவின் அக்குத்தான் தீவிற் குப்புறக் கவிழ்ந்தது. அதனைச் செப்பனிட்டு அமெரிக்கர் பறந்து அளந்தனர். அந்த ஒன்றின் அளவீடுகளை அவ்வின விமானங்கள் அனைத்துக்கும் உரியனவாகக் கொள்வது எத்துணை பொருந்தும்?

இன்னொரு தடை விமானியின் கையில் உள்ளது. பிரான்சிற் கைப்பற்றப்பட்ட மெஸ்ஸெர்ஷ்மிற் 109 ஈ ஒன்றை 1940 இல் பிரித்தானியர் ஃபார்ன்பரோவிற் சோதித்தனர். மணிக்கு 400 மைல் வேகத்தில், விமானத்தைப் பக்கவாட்டிற் சரிக்கும் இறக்கைத் தட்டுகளை விமானி முழுப் பலத்தோடு தள்ளியும் ஐந்திலொரு பங்கே அசைக்க முடிந்தது. 45 பாகை சரிய ஏறத்தாழ 4 செக்கன் சென்றது. அக்கால ஸ்பிற்ஃபயரும் அவ்வேகத்தில் இதனினும் மேம்பட்டதாக இருக்கவில்லை. வில்லினால் இயங்கும் சாதாரண மேசைக் கைப்பிடியோ எவ்வேகத்திலும் ஒரே விசையையே கேட்கின்றது. எனவே எவ்வளவு பலத்தை விமானிக்கு அளிப்பது என்பதை நிரலாக்குபவரே முடிவுசெய்கின்றார். அது அளவீடன்று, தீர்ப்பு.

"அவ்விமானங்களைச் செலுத்திய முதியோரே சரியெனக் கூறினரே" என்பது அடுத்த வாதம். அவர்தம் அனுபவம் மதிப்புக்குரியது. ஆயினும் உடலை அழுத்திய ஆர்முடுகலையும் இருக்கையின் அதிர்வையும் கொண்டே அவர்கள் விமானத்தை அறிந்தனர். அசையாத நாற்காலியில் அவ்விரண்டும் இல்லை. நினைவு சான்றாகலாம், அளவுகோலாகாது.

"விளையாட்டுத்தானே, இவ்வளவு கண்டிப்பு ஏன்?" எனின், விளையாட்டென்றே அதனை விற்கட்டும், குறைகூற யாதுமில்லை. எவ்விமானம் சிறந்தது, எப்போர் ஏன் தோற்றது என்னும் வரலாற்று வினாக்களுக்கு இளைஞர் திரையிலிருந்து விடைகாண முற்படுகையில் விளையாட்டு சாட்சியாகிவிடுகின்றது. சாட்சியைக் குறுக்குவிசாரணை செய்தல் கற்றோர் கடன்.

நாம் வேண்டுவன மூன்று. தரவுகள் எந்த விமானத்தில், எந்நிலையிற் பெறப்பட்டவை என்பது வெளியிடப்படல் வேண்டும். மாதிரியுருவைச் செப்பஞ்செய்யப் பயன்படுத்தாத வேறு தரவுகளோடு அது ஒப்பிடப்படல் வேண்டும். ஊகித்த இடங்கள் ஊகமென்றே குறிக்கப்படல் வேண்டும். இவற்றைச் செய்யும் நிரல் தன் குறைகளை வெளிக்காட்டும், அதனாலேயே நம்பத்தக்கதாகும். செய்யாதது எத்துணை அழகாகப் பறப்பினும், துல்லியம் என்னும் சொல்லுக்கு உரிமை உடையதன்று.