வேலை கேட்கவும் விலையா?

நாமக்கல் ஜில்லாவில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் கொல்லிமலை. அங்கே ஆடிப்பெருக்கையொட்டி வல்வில் ஓரிக்குச் சர்க்கார் விழா நடந்து வருவதை நேயர்கள் அறிவார்கள். ஓரியின் புகழ் வில்லினால் மட்டும் வந்ததன்று. காட்டிலே எதிர்ப்பட்ட பாணர் கூட்டத்துக்கு, அவர்கள் வாய்விட்டுக் கேட்கும் முன்பே, வேட்டை இறைச்சியையும் தன் மலைப் பொன்னையும் மணிகளையும் அள்ளிக் கொடுத்தான் என்று வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார்.

இன்று அதே மலையில் பட்டம் பெற்ற இளைஞன் ஒருவன், கட்டுரை எழுதிப் பிழைக்க விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் மலை இறங்க வேண்டியதில்லை. இன்டர்நெட் வழியாக லண்டனிலும் நியூயார்க்கிலும் உள்ள முதலாளிகளுக்கு விண்ணப்பம் அனுப்பலாம். இந்த வசதியை நாம் குறை கூறவில்லை. அதற்கு வாங்கப்படும் விலையைப் பற்றியே பேசுகிறோம்.

அப்வொர்க் என்னும் அமெரிக்கக் கம்பெனி, 2019-ம் வருஷத்தில், விண்ணப்பச் சீட்டு ஒன்றுக்கு 15 சென்ட் என்று விலை வைத்தது. இனாமாகக் கிடைக்கும் சில சீட்டுகள் தீர்ந்தபின், வேலை கேட்பதற்கே காசு கட்ட வேண்டும். வேலை கிடைத்தால் கூலியில் கமிஷன். கிடைக்காவிட்டால் சீட்டுக் காசு நஷ்டம். ஒரே வேலைக்கு எத்தனை பேர் ஏமாறுகிறார்களோ, அத்தனைக்கத்தனை சந்தைக்காரனுக்கு வரவு. இது நியாயமா?

இதனினும் கொடிய வழக்கம் ஒன்றுண்டு. "மாதிரிக்கு ஒரு கட்டுரை எழுதி அனுப்பு" என்று பலரிடம் வாங்கிக்கொண்டு, ஒருவருக்கும் பணம் கொடாமல் மறைந்துவிடும் முதலாளிகள் இருக்கிறார்கள். இளைஞர்களுக்கு நாம் சட்டத்தை நினைவூட்டுகிறோம். இனாமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவன் செய்த வேலையின் பயனை மற்றொருவன் அனுபவித்தால் ஈடு செய்தே தீரவேண்டும் என்பது 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவு. எழுத்து மூலமாக மாற்றிக் கொடுத்தாலன்றிப் பதிப்புரிமை கைமாறாது என்பது 1957-ம் வருஷத்துச் சட்டம். ஆனால் கடல் கடந்த முதலாளியின்மீது கொல்லிமலை வாலிபன் எந்தக் கோர்ட்டில் வழக்காடுவான்? ஆகையால் கூலியையும் அட்வான்ஸையும் பேசி முடிக்காமல் பேனாவை எடுக்க வேண்டாம் என்பதே நமது யோசனை.

சர்க்காருக்கும் கடமையுண்டு. 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. தொழிலாளர் நல நிதிக்குப் பணம் கட்ட வேண்டிய இணையச் சந்தைகளின் ஜாபிதாவில், உணவு கொண்டு செல்லும் கம்பெனிகளோடு எழுத்து, பத்திரிகை சம்பந்தமான சேவைகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மோட்டார் சைக்கிளில் விரைபவன் தெருவில் நம் கண்ணில் படுகிறான்; வீட்டுக்குள் எழுதுபவன் படுவதில்லை. அந்த ஒரு காரணத்தால் அவனை மறந்துவிடலாகாது. அயல்நாட்டுக் கம்பெனிகளிடமும் நிதியை வசூலிக்க வேண்டும். வேலை கேட்பதற்குக் கட்டணம் வாங்குவதைத் தடுக்கவும் வேண்டும்.

அதியமான், தன்னை நேரில் காணாமலே பரிசில் அனுப்பினான் என்பதற்காகப் பெருஞ்சித்திரனார் அதை ஏற்க மறுத்தார். பொருளைவிட மரியாதை பெரிதென்று கருதிய மரபு நம்முடையது.

அன்னியனைக் கண்டித்துவிட்டு நாம் ஓய்ந்திருக்க முடியாது. "பத்திரிகையில் பெயர் வருவதே சன்மானம்" என்று சொல்லி எழுத்தாளனை வெறுங்கையுடன் அனுப்பும் வழக்கம் தமிழ்ப் பத்திரிகை உலகிலும் உண்டு. பத்திரிகை நடத்தும் நாமும் அந்தக் குற்றத்துக்குப் புறம்பானவர்கள் அல்லோம். காகிதக்காரனுக்கும் அச்சுக்காரனுக்கும் கணக்குத் தீர்க்கிறவர்கள், எழுதியவனுக்கு மட்டும் கடன் சொல்வது எந்த நீதி? ஓரிக்கு மாலை சூட்டும் கை, எழுதியவனுக்குரிய கூலியையும் கேளாமுன் கொடுக்கட்டும்.