கேட்டலும் நடிப்பே

நடிப்பென்றால் பேச்சே என்பர் பலர். வசனம் முழங்குவோனே நடிகன், அருகில் நிற்போன் வெறுந்துணை என்றும் எண்ணுவர். இக்கருத்துப் பொருந்தாதென்பதற்கு டி. எஸ். பாலையாவின் கலைவாழ்வே சான்று.

1936-இல் ‘சதி லீலாவதி’யில் தோன்றிய அவர் 1972-இல் மறைந்தார். வஞ்சகர், தந்தையர், வித்துவான்கள் எனப் பல வேடங்களை ஏற்றார். கதாநாயகராக அவரை நினைப்போர் அரியர்.

‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் திகிற்கதை சொல்கிறார், பாலையா கேட்கிறார். நாம் புகழ்வது சொல்வோரை. ஆயின் அக்கதையின் அச்சம் நமக்குப் புலனாவது கேட்போர் முகத்திலன்றோ?

‘திருவிளையாடல்’ (1965) படத்தில் அவர் ஏமநாத பாகவதர். செருக்குடன் பாடுகையில் பாலமுரளிகிருஷ்ணாவின் குரல் அவருக்குத் துணை நின்றது. விறகு விற்போனாக வந்த இறைவன் பாடுகையிலோ அத்துணையும் இல்லை, முகமொன்றே கருவி. அதில் செருக்குத் தேய்வதைக் காணாவிடின், அப்பாட்டின் பெருமையை நாம் எங்ஙனம் அளப்போம்?

கதாநாயகனின்றிப் படமில்லை எனின், மறுப்பாரில்லை. ஆனால் தவிலின்றி நாகசுரம் சிறக்குமோ? ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் பாலையா ஏற்றது அத்தவில்காரர் வேடமே.

நம் கல்லூரி நாடகப் போட்டியில் சிறந்த நாயகனுக்குப் பரிசுண்டு. துணைப்பாத்திரம் ஏற்பார்க்கு இல்லை. அதனால் நல்ல நடிகரும் சிறு வேடத்தை இழிவென்று ஒதுக்குகின்றனர்; நாடகமோ ஒருவர் சொற்பொழிவாய் முடிகின்றது. அடுத்த ஆண்டேனும் துணைப்பாத்திரத்துக்கும் ஒரு பரிசு வழங்குதல் வேண்டும். பேசத் தெரிந்தோர் நம்மிடைப் பலருளர். கேட்கத் தெரிந்தோரையும் நாம் போற்றக் கற்போமாக.