சலங்கை கட்டினால் ஜெபம் ஆகாதா?

என் மாணவச் செல்வங்களே, சொந்தங்களே,

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். டீச்சர் பாடம் எடுக்கிறாள் என்று ஓடிவிடாதீர்கள்!

போன கிறிஸ்துமஸ் விழாவுக்கு என் பேத்தி ஒரு கீர்த்தனைக்குப் பரதநாட்டியம் பழகியிருந்தாள். ஒத்திகை பார்த்த சபைப் பெரியவர் ஒருவர், "இது நம்ம வழக்கம் இல்லையே பாப்பா, கீபோர்டு வச்சு ஒரு பாட்டு பாடிடு" என்றார். பிள்ளை ஒன்றும் பேசாமல் சலங்கையைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்துக் கோயில்களில் வளர்ந்த கலை இது. கலையோடு அந்த வழிபாடும் உள்ளே வந்துவிடுமோ என்று பயப்படுகிறார். அந்தப் பயம் மிகப் பழையது. அவர் சொன்ன கீபோர்டின் மூத்த அண்ணன் ஆர்கனையே, 16ஆம் நூற்றாண்டில் சூரிச் நகரத்தில் சுவிங்கிலியின் சீர்திருத்தக் காலத்தில் ஆலயங்களிலிருந்து அகற்றினார்கள்!

பயத்துக்குப் பதிலும் பழையதுதான். 8ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் திருவுருவங்களைத் தடை செய்தபோது, தமஸ்கு யோவான் என்ற துறவி எதிர்த்து எழுதினார். கடவுள் மனித உடம்பெடுத்து வந்துவிட்டாரே, அப்படிக் கண்ணால் கண்டவரை வரைவதில் என்ன தப்பு என்பது அவர் வாதம். 787இல் நிக்கேயாவில் கூடிய சங்கமும் திருவுருவங்களை ஏற்றுக்கொண்டது.

நம் ஊருக்கு வருவோம். குற்றாலக் குறவஞ்சி பள்ளியில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? குற்றாலநாதரை நினைத்து உருகும் வசந்தவல்லி, குறி சொல்லும் குறத்தி, பறவை பிடிக்கும் சிங்கன்! திருநெல்வேலியில் 1774இல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் அதே நாட்டிய நாடக வடிவத்தை எடுத்து, 1800இல் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். அதில் உருகுகிறவள் சீயோன் மகள், தலைவன் கிறிஸ்து. குறத்திதான் விசுவாசம். சிங்கன் பிடிக்கும் பறவைகள் ஆத்துமாக்கள். கோப்பர்நிக்கஸ் சொன்ன வானியலைக்கூட அதற்குள் வைத்தார்.

வடிவம் அவருடைய விசுவாசத்தைக் கெடுக்கவில்லை. ஆத்துமா கடவுளுக்காக ஏங்குவதை, பிரசங்கத்தில் சொல்ல முடியாத அளவுக்குச் சொல்ல உதவியது. எங்கள் ஆச்சிக்கு எழுத்துத் தெரியாது. அவர்கள் கற்ற இறையியல் முழுக்கக் கீர்த்தனையில் கற்றதுதான்.

என் கருத்து இதுதான். கலை இறையியலுக்கு மேல் தூவுகிற சர்க்கரை அல்ல. சாதாரண சனங்களுக்கு இறையியல் வந்து சேரும் வழியே அதுதான். அதனால் ஒரு கலை எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டு நிறுத்தக்கூடாது. இப்போது அது யாரை நோக்கிக் கை நீட்டுகிறது என்றும் கேட்க வேண்டும்.

இந்த வருட ஒத்திகைக்கு அந்தப் பெரியவரையே கூப்பிட்டிருக்கிறேன். ஒவ்வொரு முத்திரைக்கும் பேத்தியே அவருக்கு அர்த்தம் சொல்லப்போகிறாள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் டீச்சர் பிரம்பு எடுக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்