துணிவு மட்டும் தீயை அணைக்காது

தீ விபத்துச் செய்திகளில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறும். "தீயணைப்புப் படையினர் விரைந்து சென்று தீயைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வந்தனர்" என்பதே அது. அடுத்த வாக்கியமும் அச்சுக்குத் தயாராகவே இருக்கும்: "மின்னொழுக்கே தீக்குக் காரணம் எனச் சந்தேகிக்கப்படுகிறது." நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இவ்விரு வாக்கியங்களும் மாறவில்லை. இவை இரண்டுக்கும் இடையில் ஒரு முழுத் தொழிலே மறைந்து கிடக்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

தீயணைப்பு வீரர் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுபவர் திடகாத்திரமான ஓர் இளைஞர். தலையில் கவசம், கையில் நீர்க்குழாய். அவருக்கு வேண்டியவை துணிச்சலும் உடல் வலுவும்தான், மற்றவை வேலையில் இறங்கினால் தாமாக வந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். ஆட்சேர்ப்பு மேசையின் மறுபக்கத்தில் இருப்போரும் இந்த எண்ணத்திலிருந்து முற்றாக விடுபட்டவர்களாகத் தெரியவில்லை. இது தவறான எண்ணம் மாத்திரமன்று, உயிர்களைக் காவுகொள்ளும் எண்ணமும் ஆகும்.

தீயே இல்லாத ஓர் உதாரணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கிணற்றைத் துப்புரவு செய்ய ஒருவர் இறங்குகிறார். நீர் இறைக்கும் இயந்திரமும் உள்ளே இறக்கப்பட்டிருக்கிறது. சிறிது நேரத்தில் அவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்கிவர இறங்கிய சகோதரரும் விழுகிறார். பிறகு அயலவர் ஒருவர். இத்தகைய செய்திகள் எமது பிரதேசங்களுக்குப் புதியவை அல்ல. இறங்கிய எவரிடமும் துணிவுக்குக் குறைவிருக்கவில்லை. இயந்திரப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமோ மணமோ இல்லாத நஞ்சு என்பதும், அது இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. பயிற்சி பெற்ற மீட்பாளர் முதலில் உள்ளேயுள்ள காற்றை அளப்பார். சுவாசக் கருவியை அணிவார். கயிற்றையும் அதைப் பிடிப்பவரையும் உறுதிசெய்வார். அதுவரை, உறவினர்கள் மேலே நின்று கதறினாலும் இறங்கமாட்டார். அந்தச் சில நிமிடக் காத்திருப்பைக் கோழைத்தனம் என்று ஊர் சொல்லும். தொழில் தெரிந்தவர் அதைத்தான் பயிற்சி என்பார்.

தீயிலும் இதே கதைதான். சாதாரண மனிதர் தீயைக் கண்டதும் "தண்ணீர் எங்கே?" என்று கேட்பார். பயிற்சி பெற்றவர் "எரிவது என்ன?" என்று கேட்பார். மரம், துணி, கடதாசி என்றால் தண்ணீர் போதும். பெற்றோல் என்றால் அது நீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பும். அங்கே நுரை வேண்டும். தாச்சியில் எரியும் எண்ணெயில் நீரை ஊற்றினால் நீர் எண்ணெய்க்குக் கீழே சென்று ஒரு நொடியில் ஆவியாகும். ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 லீற்றர் இடத்தைப் பிடிக்கிறது. அந்த வேகத்தில் எரியும் எண்ணெய் முழுவதும் சமையலறைக் கூரைக்கு எறியப்படும். 2021ஆம் ஆண்டின் இறுதியில் சமையல் எரிவாயு வெடிப்புகள் இலங்கையின் வீடுகளை அச்சுறுத்தியபோது அந்த வாயுவைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. அது காற்றைவிடப் பாரமானது, தரையோடு தவழ்ந்து செல்லக்கூடியது. கசியும் வாயுவை நிறுத்தாமல் சுவாலையை மட்டும் அணைத்தால், எரியாத வாயு அறைக்குள் சேர்ந்து அடுத்த தீப்பொறிக்காகக் காத்திருக்கும். இவை பள்ளிக்கூட விஞ்ஞானம்தான். ஆனால் புகைக்கும் கூச்சலுக்கும் நடுவில் சில விநாடிகளில் நினைவுக்கு வரவேண்டிய விஞ்ஞானம்.

எரியும் வீட்டுக்குள் நுழைவது இன்னொரு கல்வி. தீயில் இறப்போரில் பலரைக் கொல்வது சுவாலையன்று, புகை. அந்தப் புகையே எரியக்கூடிய பொருளும் ஆகும். அறையின் மேற்பகுதியில் திரளும் சூடான புகைப்படலம் 500, 600 பாகை செல்சியசை எட்டும்போது அறையிலுள்ள அனைத்தும் ஒரே கணத்தில் பற்றிக்கொள்ளக்கூடும். அந்தக் கணத்தில் உள்ளே நிற்பவருக்குப் பாதுகாப்பு ஆடை தருவது சில விநாடி அவகாசம் மாத்திரமே. மூடிய அறையில் காற்றின்றி அடங்கிக் கிடக்கும் தீயோ, கதவு திறக்கப்பட்டதும் வெளியே பாயும். ஆகவே புகையின் நிறம், அது வெளிவரும் வேகம், படலம் இறங்கியிருக்கும் உயரம் ஆகியவற்றைப் பார்த்து உள்ளே நடப்பதை ஊகிக்கத் தெரிய வேண்டும். ஒரு கதவைத் திறப்பதும் கற்றுத்தேற வேண்டிய வித்தையே.

காற்றுக் கணக்கும் உண்டு. முதுகில் சுமக்கும் சிலிண்டர் அரை மணி நேரத்துக்கு எனக் குறிக்கப்பட்டிருந்தாலும், கடும் உழைப்பில் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். உள்ளே செல்பவரின் பெயர், நேரம், சிலிண்டரின் அழுத்தம் ஆகியவற்றை வெளியே ஒருவர் பலகையில் குறித்து வைத்திருக்க வேண்டும். எவரும் தனியே நுழையலாகாது. திரும்பி வருவதற்கான காற்று மிஞ்சியிருக்கும்போதே திரும்ப வேண்டும். உள்ளே செல்லும் துணிவு பலருக்கு உண்டு. எப்போது வெளியே வரவேண்டும் என்ற அறிவு பயிற்சியால் மட்டுமே கிடைப்பது.

எரிவது என்னவென்று தெரியாமல் தீயை நெருங்கியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை வரலாறு பதிவு செய்திருக்கிறது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் 'போர்ட் ஸ்டிகைன்' என்ற கப்பல் எரிந்தது. பருத்திப் பொதிகளும் பெருந்தொகையான வெடிபொருளும் ஒரே கப்பலில் இருந்தன. கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். அந்த நாளையே இந்தியா தீயணைப்புச் சேவை நாளாக இன்றும் நினைவுகூர்கிறது. 2015 ஆகஸ்டில் சீனாவின் தியான்ஜின் துறைமுகக் களஞ்சியம் வெடித்து 173 பேர் பலியாகினர். அவர்களுள் 104 பேர் தீயணைப்பு வீரர்கள். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் தீயை அணைக்க அனுப்பப்பட்ட பத்துப் பேர் கொண்ட அணியில் எவரும் திரும்பவில்லை. ஏறத்தாழ 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று அங்கே பல ஆண்டுகளாகக் கிடந்தது. இந்த இறப்புகளுக்கு வீரர்கள் பொறுப்பல்லர். ஆபத்தான பொருளை அங்கே வைத்தவர்களும் அதைப்பற்றி உரிய வேளையில் எச்சரிக்காதவர்களுமே பொறுப்பு. ஆயினும் பாடம் ஒன்றே: தகவலும் அறிவும் இன்றி அனுப்பப்படும் துணிவு ஒரு பலி.

நமது கடலிலும் இது நிகழ்ந்திருக்கிறது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எரிந்த 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. 25 தொன் நைத்திரிக் அமிலமும் அவற்றுள் அடங்கும். இரசாயனம் அறிந்த தீயணைப்பாளர்கள் தேவையில்லை என்று அதன் பின்னரும் இந்த நாட்டில் எவரும் சொல்ல முடியாது.

"வளர்ந்த நாடுகளில் இந்தக் குறையெல்லாம் இல்லை" என்று சிலர் நினைக்கலாம். லண்டன் கிரென்பெல் கோபுரத்தைப் பாருங்கள். 2017 ஜூன் 14 அதிகாலை அந்த 24 மாடிக் கட்டடம் எரிந்து 72 பேர் இறந்தனர். முதல் தொலைபேசி அழைப்பு 12.54க்கு வந்தது. அடுக்குமாடிகளுக்கான வழக்கமான விதிப்படி, குடியிருப்பாளர்கள் தத்தம் வீடுகளிலேயே தங்கியிருக்குமாறு கூறப்பட்டனர். வெளிச்சுவரின் உறை எரிந்து தீ கோபுரத்தைச் சூழ்ந்த பின்னரும் அந்த அறிவுரை 2.47 வரை மாற்றப்படவில்லை. 1.30க்கும் 1.50க்கும் இடையிலேயே அது கைவிடப்பட்டிருக்கலாம், அவ்வாறு செய்திருந்தால் உயிரிழப்புக் குறைந்திருக்கும் என்று 2019இல் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறியது. அன்றிரவு படிக்கட்டுகளில் ஏறிய வீரர்களின் துணிவை அவ்வறிக்கை பாராட்டவே செய்தது. அத்தகைய தீயை இனங்காணவும், விதியைக் கைவிட்டு மக்களை வெளியேற்றவும் களத்தில் கட்டளையிட்டவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டிருக்கவில்லை என்பதே அதன் குற்றச்சாட்டு. தீயை எரிய வைத்த உறையைப் பொருத்தியவர்களின் குற்றம் வேறு. அது பின்னர் 2024இல் வந்த அறிக்கையில் விரிவாகச் சொல்லப்பட்டது. உலகப் புகழ்பெற்ற ஒரு படைக்கே பயிற்சிக் குறை இவ்வளவு விலை கேட்டது என்றால் எமது நிலை என்ன?

தீ பிறக்குமுன் செய்யவேண்டிய பணியும் இத்தொழிலில் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பாடசாலையில் 94 பிள்ளைகள் எரிந்து மாண்டனர். ஓலைக் கூரை, ஒடுங்கிய படிக்கட்டு. எத்தனை வாகனங்கள் எவ்வளவு விரைந்து வந்திருந்தாலும் அந்தக் கட்டடம் கொன்றுதான் இருக்கும். அங்கே பயன்பட்டிருக்கக்கூடியவர், மூன்று மாதங்களுக்கு முன்பே வந்து "இந்தக் கூரையின் கீழ் பிள்ளைகளை இருத்தக்கூடாது" என்று எழுதிக் கையொப்பமிடும் அறிவும் அதிகாரமும் கொண்ட ஓர் அதிகாரியே.

இவ்வளவையும் ஒருவர் எவ்வாறு கற்பது? பிற நாடுகள் இதற்கு வழி வகுத்திருக்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் பல திணைக்களங்கள் நடத்தும் உடற்தகுதித் தேர்வில் 22 கிலோவுக்கு மேற்பட்ட அங்கியைச் சுமந்தபடி எட்டுப் பணிகளை 10 நிமிடம் 20 விநாடிக்குள் முடிக்க வேண்டும். படியேறுவது, நீர்க்குழாயை இழுப்பது, ஏணியை உயர்த்துவது, மனித எடையுள்ள பொம்மையை இழுத்துச் செல்வது ஆகியன அவற்றுட் சில. இது வாசற்படி மாத்திரமே. வகுப்பறையும் பயிற்சிக் களமும் அதன் பிறகு. பிரித்தானியாவில் தீப் பொறியியலாளர் நிறுவகம் 1918 முதல் இயங்கி, தேர்வுகள் நடத்தித் தகைமை வழங்கி வருகிறது. இந்தியா 1956இல் தேசியத் தீயணைப்புச் சேவைக் கல்லூரியை நிறுவியது. நாக்பூரில் இயங்கும் அக்கல்லூரியிலிருந்து அதிகாரிகள் ஒவ்வொரு மாநிலத்துக்கும் செல்கின்றனர்.

இலங்கையில் தீயணைப்பு பெரும்பாலும் உள்ளூராட்சி சபைகளின் பொறுப்பாக இருந்து வருகிறது. வசதியுள்ள மாநகரசபைக்கு ஒரு நீதி, வரிப்பணம் போதாத பிரதேச சபைக்கு வேறொரு நீதி. 2016 செப்ரெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தபோது அந்த மாவட்டத்தில் தீயணைப்புப் பிரிவு இருக்கவில்லை. அறுபது கிலோமீற்றருக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலிருந்து வாகனம் வரவேண்டியிருந்தது. போருக்குப் பின் கடன்பட்டு எழுப்பிய கடைகள் பலரின் கண்முன்னே சாம்பலாயின. அதன் பின்னர் எழுந்த கோரிக்கை "எங்களுக்கு ஒரு தீயணைப்பு வாகனம் தாருங்கள்" என்பதாகும். நியாயமான கோரிக்கைதான். ஆனால் பாதிக் கோரிக்கை. அந்த வாகனத்தில் ஏறுபவர் யார் என்ற மறுபாதியை எவரும் உரத்துக் கேட்கவில்லை.

சிவப்பு வாகனம் வந்தால் நாடா வெட்டலாம், படம் பிடிக்கலாம், பத்திரிகையில் முதற்பக்கம் கிடைக்கும். ஆறு மாதப் பயிற்சிக்கு நாடாவும் இல்லை, படமும் இல்லை. நமது அரசியல் எதை விரும்பும் என்று சொல்லத் தேவையில்லை.

"நாடே கடனில் கிடக்கிறது, பயிற்சிக்குப் பணம் எங்கே?" என்று கேட்போருக்கு என் பதில் இது: ஒரு வாகனத்தின் விலையில் பல வீரர்களைப் பயிற்றலாம். பயிற்றப்படாத கையில் அகப்படும் வாகனமோ சில ஆண்டுகளில் பழுதாகி வளவின் மூலையில் நிற்கும். "அவசரம் என்றால் இராணுவம் வரும்" என்பது இன்னொரு வாதம். வரட்டும், வந்தால் நன்றி. ஆனால் படைமுகாமை நம்பி ஒரு நகரம் தன் தீப்பாதுகாப்பைத் திட்டமிடலாகாது.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. அரசியல்வாதியின் பட்டியலில் இருந்தல்லாது உடற்தகுதித் தேர்வின் மூலம் ஆட்சேர்ப்பு நடைபெற வேண்டும். எந்தச் சபையில் பணிபுரிந்தாலும் செல்லுபடியாகும் பொதுச் சான்றிதழ் ஒன்று வேண்டும். ஆண்டுதோறும் மறுதேர்வு வேண்டும். ஏனெனில் இது பயன்படுத்தாவிட்டால் துருப்பிடிக்கும் அறிவு. நிரந்தர நியமனமும் காப்புறுதியும் வேண்டும். தீயணைப்புத் தொழிலால் ஏற்படும் வெளிப்பாடு புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2022இல் வகைப்படுத்திவிட்டது. புகை படிந்த அதே ஆடையுடன் வீடு செல்லும் வீரர் தன் நெஞ்சில் மெல்லச் சேரும் தீயை யாரிடம் சொல்வார்?

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஊருக்கு உதவ விரும்பும் சங்கங்கள் வாகனமோ உபகரணமோ வாங்கிக் கொடுப்பது இலகு; அதன் பக்கவாட்டில் சங்கத்தின் பெயரையும் எழுதலாம். ஓர் இளைஞருக்கு நாக்பூரிலோ வேறெங்கோ ஒரு பயிற்சிநெறிக்கு வழிசெய்தால் அவர் முதுகில் பெயர் எழுத முடியாதுதான். ஆனால் அவர் திரும்பி வந்து இன்னும் இருபது பேருக்குக் கற்பிப்பார். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இத்தொழிலில் இருக்கும் தமிழர் விடுமுறையில் ஊருக்கு வரும்போது இரு வாரங்களை இதற்காக ஒதுக்கினாலும் அது பெரும் கொடை.

அடுத்த முறை உங்கள் பிரதேச சபைக்குப் புதிய தீயணைப்பு வாகனம் வந்தது என்ற செய்தியைப் படித்தால் மகிழுங்கள். மகிழ்ந்த பின் உங்கள் உறுப்பினரைச் சந்தித்து, அதில் செல்பவர்களின் தகைமை என்ன, கடைசியாக எப்போது பயிற்சி பெற்றார்கள் என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால், அந்த வாகனத்தில் செல்லும் பிள்ளைகளின் தாய்மார் சார்பிலாவது மீண்டும் கேளுங்கள்.